‘தௌ’ என்றால் நீ: பழைய ஆங்கில இலக்கியம் படிக்கப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் நாடகத்தையோ 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளையோ முதன்முதலாகக் கையில் எடுப்பவரைத் தடுக்கி விழவைக்கும் சொல் ‘தௌ’. அகராதியைப் புரட்டினால் “யூ என்பதன் பழைய வடிவம்” என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு நாடகத்தில் பாதி காதில் விழாது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. பழைய சொல், பைபிளில் வருகிறது, ஜெபத்தில் கடவுளை அழைக்க வருகிறது, ஆகவே இது மரியாதைச் சொல் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. தௌ என்பது ‘நீ’. மரியாதைக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘யூ’. இன்றைய ஆங்கிலேயர் இதைப் பாடமாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நீ’, ‘நீங்கள்’ என்று நாள்தோறும் ஆள் பார்த்துப் பேசுகிற நமக்கு அந்தச் சிரமம் இல்லை. சக ஊழியர் ஒருவர் திடீரென்று ‘நீ’ என்று பேசினால் நமக்கு எங்கே சுருக்கென்று இருக்குமோ, அங்கேதான் ஷேக்ஸ்பியரின் பார்வையாளருக்கும் இருந்தது.

இங்கே ஆங்கில வடிவங்களையெல்லாம் தமிழ் எழுத்தில் மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறோம். ‘தீ’ என்று வந்தால் நெருப்பில்லை, ‘தை’ என்று வந்தால் மாதமில்லை.

முதல் படி: வேற்றுமை வடிவங்களைப் பிரித்தறிதல்

‘தௌ’ எழுவாய், ‘நீ’ நிற்கும் இடத்தில் மட்டும் நிற்கும். டி, ஹெச், ஓ, யு என்று நான்கெழுத்து. முதல் ஒலி ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய ‘த’. பசுவைக் குறிக்கும் ‘கௌ’ என்ற ஆங்கிலச் சொல்லோடு எதுகை வைக்கலாம். ‘தோ’ என்று வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், கவிதையில் எதுகை கெட்டுப்போகும்.

‘தீ’ என்பது உன்னை, உனக்கு, உன்னோடு, உன்னால், உன்னிடமிருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ‘தை’ என்பது உன், உன்னுடைய. ‘தைசெல்ஃப்’ என்றால் உன்னையே, நீயே.

‘தைன்’ மட்டும் இரண்டு வேலை செய்கிறது. ‘உன்னுடையது’ என்று தனித்து நிற்கும். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘தை’க்குப் பதிலாகவும் வரும். பென் ஜான்சன் 1616இல் வெளியிட்ட பாடலில் கண்களைச் சொல்லும்போது ‘தைன் ஐஸ்’ என்கிறார். ‘எ’, ‘ஆன்’ மாறுவது போன்ற மாற்றம்தான் இது, பொருளில் எந்த வேறுபாடும் கிடையாது. ‘தைன்’ கூடுதல் மரியாதை என்று சிலர் எழுதுவது வெறும் கற்பனை. ஹெச் எழுத்துக்கு முன்னால் இரண்டும் வரும்: கிங் ஜேம்ஸ் பைபிளில் உபாகமம் 6:5 ‘தைன் ஹார்ட்’ என்கிறது, அதே கட்டளையைச் சொல்லும் மத்தேயு 22:37 ‘தை ஹார்ட்’ என்கிறது. ஷேக்ஸ்பியர் உயிரொலிக்கு முன்னாலும் ‘தை’ போடுவார். அவரது 18ஆம் சானெட்டில் (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை) ‘தை இடர்னல் சம்மர்’ என்றே வருகிறது.

குழம்பினால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நீ’ வந்தால் ‘தௌ’, ‘உன்’ வந்தால் ‘தை’, உன்னை-உனக்கு வரிசையில் எது வந்தாலும் ‘தீ’. தமிழ் தெரிந்தவருக்கு இதைவிடப் பெரிய இலக்கண அட்டவணை தேவைப்படாது.

பன்மைக்கு எழுவாய் ‘யீ’, செயப்படுபொருள் ‘யூ’. பைபிள் இந்த வேறுபாட்டைக் கறாராகக் காக்கிறது. ஷேக்ஸ்பியரில் இரண்டும் கலந்துபோயிற்று. பழைய கடைப் பெயர்ப்பலகைகளில் ‘யீ ஓல்ட்’ என்று எழுதியிருப்பதற்கும் இந்த ‘யீ’க்கும் உறவே இல்லை. அது ‘தி’ என்ற சொல். அதன் முதல் எழுத்தான ‘தார்ன்’ வழக்கொழிந்தபோது அச்சுக்காரர்கள் அந்த இடத்தில் ஒய் எழுத்தைப் போட்டார்கள்.

இரண்டாம் படி: வினைமுற்றைப் பார்த்தல்

‘தௌ’ எழுவாயானால் வினைக்கு ‘எஸ்ட்’ அல்லது ‘ஸ்ட்’ என்ற விகுதி சேரும். நமது ‘-ஆய்’ விகுதி செய்கிற அதே வேலை. ‘தௌ நோயெஸ்ட்’ அறிவாய், ‘தௌ கேம்ஸ்ட்’ வந்தாய். அடிக்கடி வருபவற்றை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது: இருக்கிறாய் என்பதற்கு ‘ஆர்ட்’, இருந்தாய் என்பதற்கு ‘வாஸ்ட்’ அல்லது ‘வெர்ட்’, ‘ஹாஸ்ட்’, ‘ஹாட்ஸ்ட்’, ‘டஸ்ட்’, ‘டிட்ஸ்ட்’, ‘கான்ஸ்ட்’, ‘வுட்ஸ்ட்’. ‘வில்’ என்பது ‘வில்ட்’ ஆகும், ‘ஷால்’ என்பது ‘ஷால்ட்’ ஆகும். ‘மஸ்ட்’ மாறாது. ‘டஸ்ட்’ என்பதன் எழுத்து டி, ஓ, எஸ், டி. அதை ‘டோஸ்ட்’ என்று வாசிக்கக் கூடாது.

புதியவர்கள் இடறும் இடம் ‘எத்’ விகுதி. ‘ஹாத்’, ‘டத்’, ‘மேக்கெத்’ போன்றவை படர்க்கைக்கு உரியவை; அவன், அவள், அது என்ற எழுவாயோடு மட்டுமே வரும். ‘தௌ’வுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பழக 23ஆம் சங்கீதத்தைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆறே வசனம். முதல் மூன்று வசனங்களில் மேய்ப்பரைப் பற்றிப் படர்க்கையில் பேச்சு; வினைகள் ‘எத்’ என்று முடியும். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு நேராக அவரிடமே திரும்பி, ‘தௌ ஆர்ட் வித் மீ’ ஆகிறது. ஐந்தாம் வசனத்து வினைகள் ‘எஸ்ட்’ என்று முடிகின்றன. பயம் வந்த இடத்தில் ‘அவர்’ என்பது ‘நீ’ ஆகிவிட்டது என்பதை விகுதியே காட்டிக்கொடுக்கிறது. தமிழ்ப் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பிலும் அதே வசனத்தில்தான் ‘தேவரீர்’ வருகிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வினையில் இன்னும் மூன்று நுணுக்கங்கள். ‘இஃப்’ போன்ற ஐயச் சொல்லுக்குப் பின் விகுதி உதிரக்கூடும். மத்தேயு 4:3இல் பிசாசு ‘இஃப் தௌ பி’ என்று கேட்பது அச்சுப்பிழையில்லை. கேள்வியில் ‘தௌ’வே உதிரலாம், ஹாம்லெட் தன் நண்பன் ஹொரேஷியோவிடம் ‘டிட்ஸ்ட் பர்ஸீவ்?’ என்கிறான். “கவனித்தாயா?” என்று நாம் எழுவாயில்லாமல் கேட்பதைப் போலவே விகுதி ஆளைச் சொல்லிவிடுகிறது. ஏவல் வினைக்குப் பின் ஒட்டும் ‘தீ’க்குத் தனிப்பொருள் தேட வேண்டாம். ‘கெட் தீ’ என்றால் “போ” அவ்வளவே. “உன்னைப் போ” என்று யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. ‘ப்ரிதீ’ என்ற ஒற்றைச் சொல் ‘ஐ ப்ரே தீ’ என்பதன் சுருக்கம்: உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து.

இவ்வளவு தெரிந்தால் உலகத்திலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வரியைத் திருத்திப் படிக்கலாம். மாடத்தில் நின்று ஜூலியட் சொல்லும் ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’. “ரோமியோ, எங்கே இருக்கிறாய்?” என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் ஏராளம். நகைச்சுவைக் காட்சிகளில் நெற்றியில் கைவைத்துத் தோட்டத்தைத் தேடுவதும் அதனால்தான். ‘வேர்ஃபோர்’ என்றால் ‘ஏன்’. “நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?”, அதாவது பகைக் குடும்பத்துப் பெயர் உனக்கு ஏன் வந்து வாய்த்தது என்பது கேள்வி. அடுத்த வரியிலேயே தகப்பனை மறுத்துவிடு, பெயரைத் துறந்துவிடு என்கிறாளே! அவன் கீழே நிற்பது அவளுக்கு அப்போது தெரியவும் தெரியாது.

மூன்றாம் படி: யார் யாரிடம்?

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சியில் ‘தௌ’ குடும்பத்துச் சொல் வரும் இடமெல்லாம் வட்டம், ஒருவரையே குறிக்கும் ‘யூ’, ‘யுவர்’ வரும் இடமெல்லாம் அடிக்கோடு. பலரைப் பார்த்துச் சொல்லும் ‘யூ’வை விட்டுவிடுங்கள், அது வெறும் பன்மை. இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். பத்துப் பேர் நிற்கும் அவைக்காட்சியில் அரசன் சொல்லும் ‘யூ’வை மரியாதை என்று எண்ணிவிடுவீர்கள்.

பின்வரும் வழக்கத்தைச் சாதாரண நிலையாக வைத்துக்கொள்ளலாம். எசமான் வேலையாளிடம், பெற்றோர் பிள்ளையிடம் ‘தௌ’ என்பார். பதில் ‘யூ’ என்று வரும். மேட்டுக்குடியினர் தங்களுக்குள், கணவன் மனைவியானாலும், ‘யூ’. எளிய மக்கள் தங்களுக்குள் ‘தௌ’. கடவுள், பேய், இறந்தவர், எதிரில் இல்லாதவர், நிலா, மரணம், விதி ஆகியவற்றுக்கு ‘தௌ’. காதலுக்கும் ‘தௌ’, ஆத்திரத்துக்கும் ‘தௌ’, இளக்காரத்துக்கும் ‘தௌ’. ஹாம்லெட்டின் முதல் காட்சியில் ஆவியை மறிக்கும் ஹொரேஷியோ, எதிரில் நிற்பது மன்னரின் உருவம் என்று தெரிந்தும் ‘வாட் ஆர்ட் தௌ’ என்றுதான் கேட்கிறான். அது பேய்க்குரிய விளி.

எப்படி இந்த நிலை வந்தது? தொடக்கத்தில் ‘தௌ’ வெறும் ஒருமை, ‘யீ’ வெறும் பன்மை, அரசனும் ‘தௌ’தான். நம் சங்கப் புலவர்கள் மன்னனை ‘நீ’ என்றே பாடியதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு வழக்கத்தின் செல்வாக்கால் உயர்ந்தோர் ஒருவரைப் பன்மையில் அழைப்பது ஆங்கிலத்தில் நுழைந்தது. மரியாதை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 1600 வாக்கில் ‘யூ’ நகரத்தாரின் பொதுச்சொல் ஆகிவிட்டது. ஆகவே ஷேக்ஸ்பியர் பாத்திரம் ஒருவர் ‘யூ’ என்றால் பெரும்பாலும் செய்தியில்லை. ‘தௌ’ என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அந்தச் சொல் எவ்வளவு சுட்டது என்பதற்கு நீதிமன்றச் சான்றே இருக்கிறது. 1603இல் வின்செஸ்டரில் சர் வால்ட்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, ‘ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்’ என்று கத்தினார். இங்கே ‘தௌ’ வினைச்சொல்: “உன்னை நீ என்றே சொல்கிறேன், துரோகியே.” அதற்கு ஓராண்டு முன்பே மேடையேறிய ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்திலும் இதே வினைச்சொல் வருகிறது. சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதச் சொல்லும் சர் டோபி, மூன்று முறை ‘தௌ’ போட்டுவிட்டால் தப்பில்லை என்று கோழை ஆண்ட்ரூவுக்கு யோசனை சொல்கிறார். தமிழில் இந்தச் சூட்டைத் தர ‘நீ’ மட்டும் போதாது. ‘டா’ போட வேண்டியிருக்கும்.

நான்காம் படி: மாறும் இடத்தைப் பிடித்தல்

பென்சில் வேலையின் பலன் இங்கேதான். ஒரே ஆள், ஒரே ஆளிடம், வட்டத்திலிருந்து அடிக்கோட்டுக்கோ அடிக்கோட்டிலிருந்து வட்டத்துக்கோ தாவும் வரியைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஹாம்லெட் மூன்றாம் அங்கம் நான்காம் காட்சி இதற்குப் பொருத்தமான பாடம். தாய் அரசி மகனிடம், “ஹாம்லெட், உன் தந்தையை நீ மிகவும் நோகடித்துவிட்டாய்” என்று ‘தௌ’வில் தொடங்குகிறாள். அவள் தந்தை என்பது இரண்டாம் கணவனை. மகன் அதே வாக்கியத்தை அப்படியே திருப்பி, “அம்மா, என் தந்தையை நீங்கள் மிகவும் நோகடித்துவிட்டீர்கள்” என்கிறான். அவன் சொல்லும் தந்தை செத்துப்போனவர். மகன் தாயிடம் ‘யூ’ என்பது முறைதான்; ஆனால் அவ்வளவு இழைந்த ‘தௌ’வுக்கு எதிரில் வைக்கும்போது அந்த முறையே முகத்தில் அறைகிறது. உடனே தாயும் ‘யூ’வுக்கு மாறிவிடுகிறாள்: மகனை ‘நீங்கள்’ என்று சொல்லும் தாயின் கோபம் எப்படி இருக்கும் என்று தமிழர் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வரிகள் கழித்து அவன் அவளை நகரவிடாமல் உட்காரவைக்கிறான். ‘வாட் வில்ட் தௌ டூ?’ என்று அலறுகிறாள்: “என்ன செய்யப்போகிறாய்? என்னைக் கொன்றுவிட மாட்டாயே?” பயத்தில் ‘தௌ’ திரும்பி வந்துவிட்டது. ‘யூ’ என்று மட்டும் அச்சிட்ட எளிமைப்படுத்திய பதிப்பில் இவை எதுவும் இருக்காது. அத்தகைய பதிப்புகளைக் கதை தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

‘கிங் லியர்’ முதல் காட்சி இன்னும் சிக்கலானது. புகழ்ந்து பேசிய மூத்த மகள்கள் இருவருக்கும் நாட்டைப் பங்கிட்டுத் தரும்போது லியர் ‘தீ’ என்கிறான். இளையவள் கார்டீலியாவிடம் ‘வாட் கேன் யூ ஸே’ என்று ‘யூ’வில் கேட்கிறான். அவள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அதிலேயே நிற்க, ‘தை ஹார்ட்’ என்று இறங்கி, உன் உண்மையே உனக்குச் சீதனம் என்று ‘தை’யிலேயே அவளைக் கைவிடுகிறான். மூத்தவர்களுக்குக் கிடைத்தது தகப்பனின் வாஞ்சை, இளையவளுக்குக் கிடைத்தது தகப்பனின் சினம், சொல் ஒன்றுதான். ‘தௌ’வுக்கு அன்பு என்றோ வெறுப்பு என்றோ ஒரே பொருளை ஓரத்தில் குறித்துவைப்பவர்கள் இந்தக் காட்சியில் தோற்பார்கள். அடுத்து இடைமறிக்கும் கென்ட் பிரபு, வாழ்நாளெல்லாம் அரசனாகப் போற்றியவனைப் பார்த்து, ‘தௌ’ போட்டு, கிழவனே என்ன செய்யப்போகிறாய் என்கிறான். நாடுகடத்தல் தண்டனை ஏன் அவ்வளவு விரைவாக வந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தாவலுக்கும் காரணம் கண்டுபிடித்தே தீர்வேன் என்று இறங்கக் கூடாது. ‘வுட்ஸ்ட்’, ‘குட்ஸ்ட்’ போன்றவை நாவுக்குக் கரடுமுரடு, அதற்காகவே ‘யூ’ வரலாம். எதுகைக்காக ‘தீ’ வரலாம். ‘ஃபேர் தீ வெல்’ போன்றவை உறைந்த தொடர்கள். சானெட்டுகளில் 18ஆவது ‘தீ’ என்று தொடங்குகிறது. 13ஆவதோ ‘யூ’ என்கிறது. அதை வைத்துக்கொண்டு கவிஞர், அவர் விளிப்பவர் இருவரின் உறவு எந்த மாதத்தில் குளிர்ந்தது என்று கணக்குப் போடுவது வீண்வேலை. தனியாக ஒரு தாவல் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். தாவலோடு உடலசைவு, கோபம், புதிய செய்தி என்று ஏதாவது சேர்ந்து வந்தால் மட்டும் நம்புங்கள்.

பைபிளில் இந்தக் கணக்கு செல்லாது

நாடகத்தில் கற்றதை அப்படியே கிங் ஜேம்ஸ் பைபிளுக்குக் கொண்டுபோனால் எல்லாம் தவறாகும். அங்கே ‘தௌ’ ஒருமை, ‘யீ’யும் ‘யூ’வும் பன்மை. அவ்வளவே; மரியாதைக்கு இடமே இல்லை. கடவுளும் ‘தௌ’, பிசாசும் ‘தௌ’, நேபுகாத்நேச்சார் மன்னனும் ‘தௌ’. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்ட டிண்டேலின் வழக்கத்தை 1611இன் மொழிபெயர்ப்பாளர்களும் தொடர்ந்தார்கள். எபிரேயமும் கிரேக்கமும் ஒருமை, பன்மையைப் பிரிப்பதால் அவர்களுக்கு இது கைகொடுத்தது.

பலன் எங்கே தெரியும் என்றால், லூக்கா 22:31, 32. சாத்தான் ‘யூ’வைப் புடைக்க உத்தரவு கேட்டான், நானோ ‘தீ’க்காக வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சீமோனிடம் சொல்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ‘யூ’ ஆகிவிட, ஆபத்து சீடர்கள் எல்லாருக்கும், வேண்டுதல் சீமோனுக்காக என்ற வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழ்ப் பைபிளில் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று தெளிவாக இருக்கிறது. யோவான் 3:7உம் அப்படியே: சொல்வது நிக்கொதேமு ஒருவனிடம், மறுபடியும் பிறக்க வேண்டியது எல்லாரும்.

ஆனால் தமிழ்ப் பைபிள் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கிறது. பரமண்டல ஜெபத்தில் ஆங்கிலம் ‘தை நேம்’ என்பதைத் தமிழ் ‘உம்முடைய நாமம்’ என்கிறது. ஆகவே தமிழில் ‘நீர்’, ‘உமது’ இருப்பதைக் கொண்டு ஆங்கிலத்தில் மரியாதை இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அந்த மரியாதை தமிழ் மொழிபெயர்ப்பாளர் தந்தது. ‘தௌ’ கடவுளுக்கே உரிய சொல் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. பேச்சில் சொல் செத்துப்போய் ஜெபத்தில் மட்டும் மிஞ்சியதன் விளைவு அது. 1952இல் முழுமையாக வெளிவந்த ‘ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு’ பதிப்பு மனிதருக்கெல்லாம் ‘யூ’ போட்டுவிட்டுக் கடவுளிடம் பேசும்போது மட்டும் ‘தௌ’வை வைத்துக்கொண்டது. 1989இன் திருத்தப் பதிப்பு அதையும் எடுத்துவிட்டது.

1650க்குப் பிறகு வரும் நூல்களில்

நூலின் ஆண்டைப் பார்த்த பிறகே ‘தௌ’வுக்குப் பொருள் சொல்லுங்கள்.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1650களிலிருந்து பிரபு, நீதிபதி என்று பாராமல் எல்லாரையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்பது கொள்கை. அடிவாங்கினார்கள், சிறை போனார்கள். ஒருமை ஒருமையே என்று நிறுவ அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் 1660இல் இலக்கண நூலே வெளியிட்டார்கள். பிற்காலக் குவேக்கர் பேச்சில் ‘தீ’யே எழுவாயாகி, ‘தீ இஸ்’ என்று வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்களில் அப்படிப் பார்த்தால் ஆசிரியர் பிழை என்று நினைக்க வேண்டாம். பாத்திரத்தின் மதத்தைக் கவனியுங்கள். 1851இல் வந்த ‘மோபி டிக்’ நாவலின் கப்பல் முதலாளிகள் பெலெக்கும் பில்டாடும் குவேக்கர்கள்.

கீட்ஸ், ஷெல்லி காலத்தில் சாடிக்கும் பறவைக்கும் சொல்லப்படும் ‘தௌ’ கவிதைக்கே உரிய விளி. 1819இன் நைட்டிங்கேல் பாட்டில் ‘தௌ வாஸ்ட்’, 1820இன் வானம்பாடிப் பாட்டில் ‘தௌ நெவர் வெர்ட்’. யார் உயர்ந்தவர் என்ற கேள்வியை இங்கே எழுப்பத் தேவையில்லை. யார்க்ஷர், டார்பிஷர் வட்டார வழக்கில் ‘தா’ என்று அது பேச்சிலேயே உயிரோடு இருந்தது. 1928இன் ‘லேடி சாட்டர்லி’ நாவலில் வேட்டைக் காவலன் மெல்லர்ஸ் நல்ல ஆங்கிலத்துக்கும் ‘தா’வுக்கும் வேண்டுமென்றே மாறி மாறிப் போகிறான். மூன்றாம் படியின் பென்சிலை அங்கே மறுபடி எடுக்கலாம்.

மொழிபெயர்ப்பு நூல்களில் மட்டும் மூலத்தைக் கேளுங்கள். தாகூரின் 1912ஆம் ஆண்டு ஆங்கில ‘கீதாஞ்சலி’ ‘தௌ ஹாஸ்ட் மேட் மீ எண்ட்லெஸ்’ என்று தொடங்குகிறது. வங்க மூலத்தில் இருப்பது ‘துமி’, நெருக்கமானவரை அழைக்கும் சாதாரணச் சொல். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரின் 1923ஆம் ஆண்டு ஜெர்மன் நூலின் தலைப்பிலுள்ள ‘டூ’வும் வீட்டில் பேசும் ‘நீ’தான், 1937இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை ‘ஐ அண்ட் தௌ’ என்றதால் கோயில்மணம் ஏறிவிட்டது. 1970இல் மறுபடி மொழிபெயர்த்த வால்ட்டர் காஃப்மன், தலைப்பை விட்டுவிட்டு, நூலுக்குள் ‘யூ’ என்று மாற்றினார்.

தமிழாக்கம் செய்பவர்களுக்கு

‘தௌ’ வந்தால் ‘நீ’, ‘யூ’ வந்தால் ‘நீங்கள்’ என்று இயந்திரம்போலப் போட்டால் கணவன் மனைவி உரையாடல் தமிழில் கோமாளித்தனமாகிவிடும். ஏனென்றால் 1600இன் ‘யூ’ நம் ‘நீங்கள்’ அளவுக்கு மரியாதை சுமந்த சொல்லில்லை. காட்சி முழுவதையும் குறியிட்டு, ஒவ்வொரு இணைக்கும் ஒரு இயல்பு நிலையைத் தமிழில் முடிவுசெய்து, தாவும் இடத்தில் மட்டும் தமிழிலும் ஏதாவது தாவட்டும்: நீங்கள்-நீ, நீ-நீர், அல்லது ‘டா’. நடுத்தர மரியாதைக்கு ‘நீர்’ நல்ல கருவி. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது இன்றும் இயல்பாகப் புழங்குவதால் ஈழத்து மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு படி கூடுதலாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது சற்றே நாடகத்தனமாக ஒலிக்கும். அரசவைக் காட்சியென்றால் அதில் குறையில்லை.

பழங்கால நடையில் சொந்தமாக ஆங்கிலம் எழுதிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் மூன்று: ‘தௌ இஸ்’ என்பது, எல்லா வினைக்கும் ‘எத்’ ஒட்டுவது, கூட்டத்தைப் பார்த்து ‘தௌ’ என்பது. மூன்றாவது மிக மோசம். நூறு பேரை ‘நீ’ என்றால் எப்படி?

எதை முதலில் படிக்கலாம்

23ஆம் சங்கீதத்தை முடித்ததும் வில்லியம் பிளேக் 1789இல் எழுதிய ‘தி லாம்ப்’. இருபது வரி, முதல் மூன்று வரிகளிலேயே ‘தீ’ நான்கு முறை, ‘தௌ’ ஒருமுறை. பிறகு 18ஆம் சானெட். அதில் ‘தௌ ஓஸ்ட்’ என்று வருவதைக் கடன்படுகிறாய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அதற்கு ‘உனக்குச் சொந்தமாக உள்ளது’ என்று பொருள். அதன்பின் ஹாம்லெட் 3.4, அமைச்சர் பொலோனியஸ் திரைக்குப் பின்னால் சாகும்வரை.

கடைசியாக ‘மூன்றாம் ரிச்சர்ட்’ முதல் அங்கம் இரண்டாம் காட்சி. மாமனாரின் பிணத்தோடு போகும் ஆன், அவரைக் கொன்ற ரிச்சர்டை வழிமறிப்பில் சந்தித்து ‘தௌ’வால் வசைமாரி பொழிகிறாள், அவன் ‘லேடி, யூ’ என்று பணிவு காட்டுகிறான். முடிவில் அவன் தன் வாளை அவள் கையில் கொடுத்துக் குத்தச் சொல்ல, அவள் கீழே போட்டுவிடுகிறாள். ‘தை ஹார்ட்’ என்று அவள் சொல்வது ஒரு வரி. அதற்கு இரண்டு பதில் தள்ளி, வாளை உறையில் போடச் சொல்லும் இடத்தில், அது ‘யுவர் சோர்ட்’ ஆகிவிடுகிறது. உரையைப் பார்க்காமல், பென்சிலால் மட்டும் அந்த இடத்துக்கு வந்து சேர முடிகிறதா என்று பாருங்கள்.